நூல் பிடித்த கைகள்

நூல் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள்கள் பெருவழக்காக உண்டு. ஒன்று இழை, மற்றொன்று ஏடு. இழையும் ஏடும் எவ்வாறு ஒரே பெயரைப் பெற்றன என்பதை நன்னூலின் பொதுப்பாயிரம் இரண்டு உவமைகளால் விளக்குகிறது. முதலாவது உவமையில் பஞ்சைத் திரித்து இழையாக்கும் பெண்ணின் கை வருகிறது. இரண்டாவதில் தச்சன் வருகிறான். மரத்திலுள்ள கோணலைத் தச்சனுடைய நூல் தீர்த்துவைப்பது போல, மாந்தர் மனத்திலுள்ள கோணலைக் கல்வி நூல் தீர்த்துவைக்கிறது என்பது பவணந்தி முனிவர் தரும் விளக்கம். தமிழ் இலக்கண ஆசிரியர் ஒருவர், கல்வி என்றால் என்ன என்று சொல்லவந்த இடத்தில், தச்சுப் பட்டறைக்குள் நுழைந்து ஓர் உவமையைக் கடன்வாங்கி வந்திருக்கிறார் என்பது நோக்கற்பாலது.

நேயர்களே, கடன் வாங்கியவர்கள் நாம். ஆனால் கடன் கொடுத்தவனின் கல்வியைக் கல்வியென்று நாம் ஒப்புக்கொண்டோமா? தச்சுத்தொழில் கற்கும் முறைக்கு ஒரு வரலாறு உண்டு. அதற்குப் பாடத்திட்டம் உண்டு; ஆசிரியர் மாணாக்கர் மரபு உண்டு; தேர்வும் உண்டு. எழுதி வைக்கப்படாத காரணத்தால் அது நம் கண்ணிற் படுவதில்லை. அந்த வரலாற்றை, பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் வீதியில் உள்ள முரசுமோட்டையையும் அதைச் சூழ்ந்த வன்னி நிலத்தையும் மனத்தில் இருத்திக்கொண்டு இன்று சிறிது நோக்குவோம்.

முதலில் இலக்கியச் சான்றுகள். மதுரை அரண்மனை கட்டப்பட்ட முறையைச் சொல்லும் நெடுநல்வாடை, நிழல் சாயாத நண்பகலில் திசை பார்த்து, கயிறு பிடித்து மனை வகுத்தவர்களைப் பற்றிக் கூறுகிறது. அவர்களை நக்கீரர் புலவர் என்றே அழைக்கிறார். இன்று நாம் பாட்டெழுதுவோருக்கு மட்டும் ஒதுக்கி வைத்திருக்கும் பெயர், அன்று கயிறு பிடித்து அளந்தவருக்கும் உரியதாயிருந்தது. பெரும்பாணாற்றுப்படை, சிறுவர்கள் இழுத்து விளையாடும் சிறுதேர் ஒன்றைக் காட்டுகிறது. தச்சர் வீட்டுச் சிறுவர்களே ஆசைப்படும்படி அமைந்த தேர் அது என்கிறார் புலவர். நாள்தோறும் உளியோசையில் வளரும் பிள்ளைகளின் கண் எளிதில் மயங்காது. அவர்களும் விரும்பினார்கள் என்றால் அதுவே அந்த வேலைக்குச் சான்றிதழ். தச்சர் பிள்ளைகளின் கண் பயின்ற கண் என்பதைப் புலவர் அறிந்திருக்கிறார்.

ஔவையார் இன்னும் ஆழமாகச் செல்கிறார். புறநானூற்றின் 87ஆம் பாடலில் அதியமானின் ஆற்றலைச் சொல்லவந்தவர், ஒரே நாளில் எட்டுத் தேர் செய்து முடிக்கவல்ல தச்சன் ஒருவன், ஒரு மாதம் முழுவதும் முயன்று செய்த ஒற்றைச் சில்லை உவமையாக வைக்கிறார். விரைவும் பொறுமையும் ஒரே கையில் இருக்கவேண்டும் என்பது இதன் உட்பொருள். 206ஆம் பாடல் நமது பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. பரிசில் தரக் காலந்தாழ்த்திய அதியமானின் வாயிலில் நின்று, வாயிற்காவலனை நோக்கி ஔவையார் பேசுகிறார். கைத்தொழிலிற் தேர்ந்த தச்சன் பிள்ளைகள் கோடரியோடு காட்டுக்குள் போனால் எந்த மரம்தான் அவர்களுக்கு உதவாது? அதுபோல, கலை கற்ற எமக்கு எந்தத் திசையிலும் சோறு உண்டு என்பது அவர் வாதம். அரசனின் தயவில் நிற்கவேண்டாத சுதந்திரத்தைத் தமிழ்ப் புலவர் ஒருவர் சொல்ல முனைந்தபோது, அவருக்குக் கிடைத்த பொருத்தமான ஒப்புமை தொழில் பயின்ற தச்சச் சிறுவர்களே.

தச்சர் தொழில் ஊருக்குள் அடைபட்டுக் கிடந்ததும் இல்லை. மணிமேகலையின் சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதையில் வரும் மண்டபத்தை, மகதத்து வினைஞரும் மராட்டக் கம்மரும் அவந்திக் கொல்லரும் யவனத் தச்சரும் தமிழ்த் தொழிலாளரோடு கூடிச் செய்ததாகச் சாத்தனார் கூறுகிறார். கூடி வேலை செய்தவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்காமல் இருந்திருக்க முடியாது.

இனி, கற்பிக்கும் முறையைப் பற்றி நூல்கள் சொல்வதைப் பார்ப்போம். தென்னாட்டில் வழங்கிய மயமதம் என்னும் வடமொழிச் சிற்பநூல், கட்டடத் தொழிலாளரை நால்வகையாகப் பிரிக்கிறது. முழுத் திட்டத்தையும் அறிந்து நடத்துபவன் ஸ்தபதி. கயிறும் கோலும் கொண்டு அளப்பவன் சூத்திரக்கிராகி. கல்லையும் மரத்தையும் வெட்டிச் செதுக்குபவன் தட்சகன். செதுக்கியவற்றைப் பொருத்திச் சேர்ப்பவன் வர்த்தகி. இவர்களுள் சூத்திரக்கிராகி என்பதற்கு நேர்த்தமிழ் நூல் பிடிப்பவன் என்பதாகும். அவன் யாராக இருக்கவேண்டும்? ஸ்தபதியின் மகனாக, அல்லது மாணாக்கனாக இருக்கவேண்டும் என்கிறது அந்நூல். இந்த அல்லது என்ற ஒரு சொல் மிக முக்கியமானது. பிறப்பால் வருபவனுக்கும் பயிற்சியால் வருபவனுக்கும் ஒரே இடம் அதில் ஒதுக்கப்பட்டிருக்கிறது. பின்வந்த நூற்றாண்டுகளில் நமது சமூகம் மகன் என்ற சொல்லை இறுகப் பிடித்துக்கொண்டு, மாணாக்கன் என்ற சொல்லை மறந்துபோனது.

தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டில், அதைக் கட்டிய தலைமைத் தச்சன் வீரசோழன் குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சன் என்று பெயர் சொல்லிக் குறிக்கப்படுகிறான். அரசன் தன் பெயரையே பட்டமாகக் கொடுத்திருக்கிறான். எங்கள் நாட்டில் தச்சரை ஆசாரியார் என்று அழைக்கும் வழக்கம் உண்டு. ஆசாரியார், ஆசிரியர் என்னும் இரு சொற்களும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்பது மொழிநூலார் பலரின் கருத்து. பள்ளிக்கூடத்தில் நிற்பவர் ஆசிரியர், பட்டறையில் நிற்பவர் ஆசாரியார். பெயரில் உள்ள உறவு மதிப்பில் இல்லாது போனதுதான் வரலாறு.

வன்னிக்கு வருவோம். இரணைமடுக் குளம் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டி முடிக்கப்பட்ட பின்னர், குடாநாட்டின் நெருக்கடியையும் வேலையின்மையையும் தணிக்கவென 1930களில் கிளிநொச்சிப் பகுதியில் குடியேற்றங்கள் தொடங்கின. காடு வெட்டி வயலாக்கியவர்களுக்கு முதலில் தேவைப்பட்டவை கலப்பையும் நுகமும் மாட்டு வண்டிலும் கூரையும். இவை நான்கும் தச்சனின்றி இல்லை. வயல் உள்ள இடத்துக்கு வண்டில் வரும். வண்டில் வந்த இடத்துக்குத் தச்சர் வருவார். மோட்டை என்பது வன்னியில் சிறிய நீர்நிலைக்குப் பெயர். முரசுமோட்டை என்ற பெயரின் முற்பகுதியாகிய முரசும் மரத்தைக் குடைந்து செய்யப்பட்டதே. பகைவரின் கடம்பமரத்தை வெட்டி முரசு செய்த சேரனைப் பதிற்றுப்பத்து பாடுகிறது. புலவர் அரசனைப் பாடினார். அந்த மரத்தைக் குடைந்த கையின் பெயர் நமக்கு வரவில்லை.

அந்தக் கையை உருவாக்கிய பயிற்சி எப்படிப்பட்டது? பழைய முறையில் பட்டறைக்கு வந்து சேரும் பையனுக்கு முதல் நாளிலேயே உளி கிடைப்பதில்லை. பட்டறையைக் கூட்டுவான்; மரச்சீவலை அள்ளுவான்; தண்ணீர் கொண்டுவந்து வைப்பான்; கேட்ட ஆயுதத்தை எடுத்துக் கொடுப்பான். இதை வீண்வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் ஒவ்வோர் ஆயுதத்தின் பெயரும், அது எந்த வேலைக்கு, எந்த வேளையில் வேண்டப்படுகிறது என்பதும் இக்காலத்தில்தான் மனத்திற் பதிகின்றன. அடுத்தது தீட்டுதல். உளியைச் சாணைக்கல்லில் எந்தச் சரிவில் பிடிப்பது என்பதைச் சொல்லிக் கொடுக்க முடியாது, கை கண்டுபிடிக்கவேண்டும். மழுங்கிய உளி மரத்தையும் கெடுக்கும், கையையும் வெட்டும்.

அதன்பின் நூல் பிடித்தல். கரியோ காவியோ தோய்த்த நூலின் ஒரு முனையை ஆசாரியார் பிடிப்பார். மறுமுனை பையனிடம் இருக்கும். நூலை இழுத்து விட்டால் மரத்தில் நேர்கோடு விழும். பார்வைக்கு இது எளிய வேலை. ஆனால் கோணல் மரத்தில் நூலை எங்கே வைப்பது என்பதில்தான் தொழிலின் பாதி அடங்கியிருக்கிறது. எந்தப் பக்கம் வளைவு, எங்கே கணு, எங்கே வெடிப்பு, எவ்வளவு மரம் கழிவாகும் என்பதையெல்லாம் ஆசாரியார் கண்ணாற் கணக்கிட்டு நூலை நகர்த்துவார். மறுமுனையில் நிற்கும் பையன் அவர் வாயைக் கேட்பதில்லை. அவர் விரலைப் பார்க்கிறான். இங்கே நூல் என்ற சொல்லுக்கு மூன்றாவது பொருளும் சேர்கிறது. தச்சர் கணக்கில் ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். ஒரு நூல் தவறினால் கதவு நிலையில் இருக்காது.

பின்னர் வாள் இழுத்தல், சீவுளியால் இழைத்தல், ஒரு மரத்தில் துளையும் மற்றதில் அதற்கேற்ற நாக்கும் வெட்டிப் பூட்டுதல் என்று பாடம் வளர்ந்து செல்லும். கதவும் யன்னலும் தனியே செய்ய வந்தால் பையன் அரைத் தச்சன். கூரையின் சரிவுக்கணக்குப் பிடிபட்டால் முழுத்தச்சன். வண்டிற் சில்லு செய்யத் தெரிந்தவனைத்தான் ஊர் பெரிய தொழிலாளி என்று சொல்லும். குடம், ஆரக்கால், வட்டை ஆகிய மூன்றும் ஆணியின் தயவின்றி ஒன்றையொன்று இறுக்கிப் பிடிக்கவேண்டும். அதன்மேல் கொல்லன், நெருப்பிற் பழுத்து விரிந்த இரும்புப் பட்டத்தைப் பூட்டித் தண்ணீர் ஊற்றுவான். இரும்பு சுருங்கும்போது தச்சனின் பொருத்தம் பொய்யென்றால் சில்லு அந்த இடத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். அதுதான் இறுதித் தேர்வு. அந்தத் தேர்வில் பரிந்துரை செல்லாது. ஔவையார் ஒரு சில்லுக்கு ஒரு மாதம் கொடுத்ததன் நியாயம் இங்கே விளங்குகிறது.

மரத்தை அறிதல் தனிப் பாடம். தொல்காப்பிய மரபியல், உள்ளே வைரம் கொண்டவற்றை மரம் என்றும், புறத்தே வைரம் கொண்டவற்றைப் புல் என்றும் பிரிக்கிறது. அகக்காழ், புறக்காழ் என்று நாம் வகுப்பில் மனனம் செய்விப்பது இதைத்தான். வன்னித் தச்சனிடம் போனால் இது மனனப் பாடம் அல்ல. பாலை, முதிரை, கருங்காலி ஆகியவற்றில் வெளியிலுள்ள வெளிறைக் கழித்து உள்வைரத்தை எடுப்பான். பனையில் உட்சோற்றைக் கழித்து வெளிவைரத்தை எடுத்துக் கூரைக்குச் சிலாகை செய்வான். தொல்காப்பியர் சொன்ன இலக்கணம் அவன் கழிவுக் குவியலிலேயே கிடக்கிறது. பாலமோட்டை, புளியங்குளம் என்று ஊர்களுக்கு மரத்தின் பெயரை இட்ட நிலத்தில் மரத்தை அறிவது நாட்டை அறிவதற்குச் சமம்.

தச்சனின் சொற்களிலும் வரலாறு உண்டு. யாழ்ப்பாண அரசு 1619இல் போர்த்துக்கேயர் கைக்கும், 1658இல் ஒல்லாந்தர் கைக்கும் போனது. மேசை, கதிரை, அலுமாரி, வாங்கு, யன்னல், விறாந்தை, தீராந்தி எல்லாம் போர்த்துக்கேயச் சொற்கள். மேசையில் இழுக்கும் லாச்சி ஒல்லாந்தச் சொல். ஆனால் இவற்றைச் செய்த ஆயுதங்களைப் பாருங்கள்: உளி, வாள், அரம், சீவுளி, கொட்டாப்புளி, துரப்பணம். பொருள்கள் கப்பலில் வந்தன. அவற்றைச் செய்த கை இங்கேயே பயின்ற கை. புதிய கதிரையைப் பார்த்தவுடன் அதைச் செய்யக்கூடியவனாகத் தச்சன் இருந்தான் என்றால், அவன் கற்றது ஒரு பொருளைச் செய்யும் வித்தையன்று. மரத்தோடு சிந்திக்கும் வித்தை.

இவ்வளவு சிறப்புச் சொன்னபின் இம்முறையின் மறுபக்கத்தையும் சொல்லாது விடுவது நேர்மையாகாது. இந்தக் கல்விக்கூடத்தின் வாயில் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. கொல்லர், தச்சர், கன்னார், கற்றச்சர், தட்டார் என ஐவகைக் கம்மாளருள் ஒரு குலத்தின் சொத்தாகத் தொழில் அமைந்தது. பிறர் அதனுள் நுழையவில்லை. அவர்களும் வெளியே போக இலகுவில் விடப்படவில்லை. தச்சன் மகன் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் தச்சன். வேளாளன் மகன் உளியைத் தொட்டால் அது இழிவு. இருபக்கமும் பூட்டிய கதவு இது.

குலத்துக்குள்ளேயும் இரகசியம் காத்தல் என்றொரு குறை இருந்தது. மலையாள நாட்டுப் பெருந்தச்சன் கதை இதைத்தான் சொல்கிறது. தன்னை விஞ்சிய மகனோடு கோயில் வேலை செய்யும்போது, உயரத்தில் நின்ற தந்தையின் உளி கைநழுவி மகனின் கழுத்தில் விழுகிறது. நழுவியதா, நழுவவிடப்பட்டதா என்று ஊர் இன்றும் கேட்கிறது. கதை கதையாக இருக்கட்டும். கற்பிப்பவனுக்குக் கற்பவன் மீதுள்ள அச்சம் எவ்வளவு பழையது என்பதற்கு இது சான்று. சொல்லிக் கொடுக்காத நுட்பம் கற்பித்தவனோடு சுடலைக்குப் போய்விடுகிறது.

மற்ற நாடுகள் இச்சிக்கலை எப்படிக் கையாண்டன? இங்கிலாந்தில் 1563இல் இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டம், தொழில் பயில்வோன் குறைந்தது 7 ஆண்டுகள் ஒரு தலைவனிடம் பயிலவேண்டும் என்று விதித்தது. அந்த விதி 1814இல் நீக்கப்படும்வரை இருந்தது. பையனின் பெற்றோரும் தலைவனும் எழுத்தில் உடன்படிக்கை செய்துகொண்டனர். கற்பிப்பது அன்பளிப்பாக அல்ல, கடமையாக ஆயிற்று. ஜேர்மனியில் பயிலுநன், தொழிலாளன், தலைவன் என்று மூன்று படிகள். பயிற்சி முடித்த தச்சன் மூன்று ஆண்டும் ஒரு நாளும் சொந்த ஊரை அணுகாது, ஊர் ஊராகச் சென்று வேலை செய்து கற்கும் வழக்கம் இன்றும் அங்கே முற்றாக அழிந்துவிடவில்லை. கையில் ஆயுதப் பையோடு புறப்படும் அந்த இளைஞர்களைப் பார்த்தால், ஔவையார் சொன்ன தச்சச் சிறுவர்களின் நினைவு வருவது இயல்பே.

கொழும்பில் 1877இல் பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி இந்தப் பொருளை ஆழமாகச் சிந்தித்தவர். 1908இல் வெளிவந்த இடைக்காலச் சிங்களக் கலை என்னும் பெருநூலை, வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய கையச்சுப் பொறியிலேயே அச்சிட்டவர் அவர். கைவினையைப் பற்றிய நூல் கைவினையாகவே இருக்கவேண்டும் என்ற பிடிவாதம். 1909இல் வெளியான இந்தியக் கைவினைஞன் என்ற நூலில், இளங் கைவினைஞன் உண்மையான பட்டறையில், உண்மையான வேலையோடு, தந்தையின் சீடனாகக் கற்கிறான் என்பதே நமது முறையின் பலம் என்று அவர் எடுத்துரைத்தார். அது சரியான கருத்து. ஆனால் அந்தப் பட்டறையின் வாயிலில் நின்ற பிறப்புக் காவலனை அவர் போதிய அளவு கடிந்துகொள்ளவில்லை. பட்டறையை வைத்துக்கொண்டு காவலனை மட்டும் நீக்க முடியுமா என்பதே அவருக்குப் பின்வந்த நமக்குரிய கேள்வி.

நீக்கும் முயற்சிகள் பல நடந்தன. யாழ்ப்பாணத்தில் கிறித்தவ மிசன்கள், எழுத்துக் கல்வியோடு தச்சு, அச்சு முதலிய தொழில்களையும் கற்பித்தன. தெல்லிப்பழையில் அமெரிக்க மிசன் நடத்திய கைத்தொழிற் பாடசாலை அவற்றுள் ஒன்று. கொழும்பில் 1893இல் தொழில்நுட்பப் பாடசாலை தொடங்கிற்று. 1945இல் இலவசக் கல்வி வந்தது. அது ஏழைப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தின் கதவைத் திறந்தது. அந்த நன்மையை எவரும் மறுக்க முடியாது. ஆனால் கல்வி என்றால் மேசையில் அமர்ந்து எழுதும் உத்தியோகத்துக்கு வழி என்ற எண்ணமும் அதனோடு வேரூன்றியது. 1971இல் டட்லி சீயர்ஸ் தலைமையில் வந்த சர்வதேசத் தொழில் தாபனக் குழு, இந்நாட்டு இளைஞரின் எதிர்பார்ப்புக்கும் இருக்கும் வேலைக்கும் இடையிலான பிளவைத் தெளிவாகச் சுட்டிக்காட்டியது. அதே 1971இல் தேசிய பயிலுநர் சட்டம் நிறைவேறியது. பின்னர் 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்படி, அதற்கென அமைந்த சபை தேசிய பயிலுநர், கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையாக மாறியது. 1972 கல்விச் சீர்திருத்தம் தொழில் முன்னிலைப் பாடங்களைப் பாடசாலைக்குள் கொண்டுவந்தது. ஐந்தாறு ஆண்டுகளுக்குள் அது கைவிடப்பட்டது.

சட்டம் வாயிலைத் திறந்தது. ஆனால் நம் வீடுகளில் மனம் திறந்ததா? சாதாரண தரத்தில் சித்தியெய்தாத பிள்ளையை, வேறு வழியில்லை என்று சொல்லிப் பட்டறைக்கு அனுப்புகிறோம். கணக்கில் தவறியவனைக் கூரைச் சரிவு கணக்கிடும் தொழிலுக்கு அனுப்புவதில் உள்ள முரண்பாட்டை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பட்டறையைத் தோற்றவர்களின் ஒதுக்கிடமாக ஆக்கிவிட்டு, நல்ல தச்சர் இல்லையென்று குறைப்படுகிறோம். நவராத்திரியில் புத்தகத்தையும் உளியையும் ஒரே பீடத்தில் வைத்துப் பூசிக்கிறோம். விஜயதசமி கழிந்ததும் புத்தகம் வீட்டுக்குள்ளும் உளி கொட்டிலுக்கும் போய்விடுகின்றன.

இந்த அலட்சியத்தின் விலை என்னவென்பதைப் போருக்குப் பின்னர் வன்னி கண்டது. 1996இல் கிளிநொச்சி மக்கள் இடம்பெயர்ந்தனர். 2008இன் பிற்பகுதியிலும் 2009 ஜனவரியிலும் பரந்தன் முல்லைத்தீவு வீதி, முரசுமோட்டை ஊடாகக் கிழக்கு நோக்கி, குடும்பங்களைச் சுமந்து சென்றது. உழவு இயந்திரப் பெட்டிகளில் நெல்லோடும் பாத்திரங்களோடும் கூரைத் தகடும் யன்னலும் கதவும் ஏற்றப்பட்டன. வீட்டைத் தூக்கிச் செல்ல முடியாதவன், வீட்டில் தச்சன் செய்த பகுதியைக் கழற்றிக்கொண்டு போனான். போன வழியில் அவையும் கைவிடப்பட்டன. தலைமுறையாகச் சேர்ந்த ஆயுதப் பெட்டிகளும் அப்படியே போயின. உளியைக் கடையில் வாங்கலாம். அதைத் தீட்டத் தெரிந்த கை போனால் எங்கே வாங்குவது?

மீள்குடியேற்றத்தின் பின் வீடுகள் எழுந்தன. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் வடக்கு, கிழக்கு, மலையகம் என 50,000 வீடுகளுக்கு ஒப்புக்கொள்ளப்பட்டது. அவற்றுள் 46,000 வடக்குக் கிழக்குக்கானவை. 2012 ஒக்டோபரில் தொடங்கிய கட்டத்தில், வீட்டுக்கு 550,000 ரூபா வீதம் பயனாளியின் கையில் பணம் கட்டங்கட்டமாகக் கொடுக்கப்பட்டது. வீட்டுக்காரரே மேசனையும் தச்சரையும் தேடிப் பிடிக்கவேண்டும். ஒரே காலத்தில் ஊர்தோறும் நிலையும் கதவும் கூரையும் வேண்டப்பட்டபோது தொழிலாளர் போதவில்லை. பச்சை மரத்தில் செய்த கதவு அடுத்த வெயிலில் சுருங்கிற்று. மாரியில் பொங்கி இறுகிற்று. மரம் உலர எடுக்கும் காலத்தைப் பணம் விடுவிக்கும் தவணை அறியாது. பொறுமையைப் பாடமாகக் கொண்ட ஒரு தொழில், அவசரத்தின் கையில் அகப்பட்டது.

எனினும் அக்காலத்தில் ஒரு நன்மையும் நிகழ்ந்தது. கூலிக்குக் கையாளாகப் போன பல குலத்துப் பையன்களும் மரவேலை பழகினர். அப்பன் என்ன தொழில் செய்தான் என்று கேட்க ஊருக்கு நேரமிருக்கவில்லை. மயமதம் சொன்ன மாணாக்கன், மறந்துபோன அந்த இரண்டாவது சொல், இப்படித்தான் திரும்பி வந்தான். ஆனால் அவர்களுட் பலர் அரைப் பாடத்தோடு நின்றுவிட்டனர். கட்டட வேலை குறைந்ததும் சிலர் கொழும்புக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போயினர். அலுமினிய யன்னலும் ஆலைப் பலகைக் கதவும் கடைக்கு வந்துவிட்டன. முதிரையும் கருங்காலியும் அனுமதியின்றி வெட்டக்கூடியவையல்ல. அது காட்டுக்கு நல்லது. ஆகவே இனிவரும் தச்சன் குறைந்த மரத்தில் நிறைந்த வேலை செய்யத் தெரிந்தவனாக இருக்கவேண்டும். அதற்கு முன்னையிலும் கூடிய பயிற்சி வேண்டும்.

இப்போது தேசியத் தொழிற்தகைமை என்னும் ஏழுபடிச் சான்றிதழ் முறை நாட்டில் உண்டு. பட்டறையிலேயே கற்றுப் பல்லாண்டு வேலை செய்தவருக்கு, அவருடைய முன்னறிவைச் சோதித்துச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடும் அதில் இருக்கிறது. எழுத்தறியாத ஆசாரியாரின் கையை அரசாங்கம் கல்வியென்று ஒப்புக்கொள்வது சிறிய காரியமன்று. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் திறக்கப்பட்டது. வகுப்பறையையும் வேலைத்தலத்தையும் இணைத்துக் கற்பிக்கும் ஜேர்மானிய மரபு, இரணைமடுவுக்கு அண்மையிலேயே இவ்வாறு அறிமுகமாகியிருக்கிறது. பட்டறை தரும் கையறிவும் பாடசாலை தரும் கணக்கறிவும் ஒன்றையொன்று விலக்கவேண்டியவை அல்ல என்பதை இம்மரபு காட்டுகிறது.

ஆனால் சான்றிதழ் செய்யமுடியாத ஒன்று உண்டு. நூலின் மறுமுனையில் ஒருவன் சில ஆண்டுகள் நிற்கவேண்டும். இந்த முனையில் அவனுக்காக நேரம் செலவிட ஒருவர் இருக்கவேண்டும். கையாளை மலிவான கூலியாகப் பார்க்காது மாணாக்கனாகப் பார்க்கும் ஆசாரியாரும், ஓராண்டிலேயே நாட்சம்பளத்தைக் கணக்கிட்டு விலகிப்போகாத பையனும் வேண்டும். பயிலும் காலத்தில் அந்தப் பையனின் வீட்டு அடுப்பு எரிவதற்கும் வழி வேண்டும். வறுமையே பாடத்தைப் பாதியில் அறுக்கிறது. இங்கிலாந்து 1563இல் எழுத்திற் கொண்டுவந்தது போல, கற்பிக்கும் கடமையும் கற்கும் கடமையும் இருவரும் ஒப்பமிட்ட ஏற்பாடாக நமது கிராமங்களில் அமையலாம். கிராம அபிவிருத்திச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் ஒரு பையனின் பயிற்சிக்காலச் செலவை ஏற்பது, ஒரு விழா மண்டபத்துக்குச் செலவிடுவதிலும் பயனுள்ளது.

பையன் என்று மட்டும் சொல்லிவருகிறேன். போருக்குப்பின் எத்தனையோ குடும்பங்களைப் பெண்கள் தலைமைதாங்கி நடத்தும் நிலத்தில், அந்தச் சொல் போதாது. சீவுளிக்கும் வாளுக்கும் ஆண் பெண் தெரியாது. மின்பொறிகள் வந்துவிட்ட காலத்தில் உடல்வலிமை பற்றிய பழைய சாட்டும் செல்லாது. பிறப்பின் கதவு ஓரளவு திறந்துவிட்ட பின், இந்தக் கதவையும் திறக்கத் தடை நம் மனத்தில் மட்டுமே இருக்கிறது.

பாடசாலைகளில் பணிபுரியும் எம்மவர்க்கும் ஒரு கடமை உண்டு. அகக்காழ், புறக்காழ் படிப்பிக்கும் நாளில் பிள்ளைகளை அருகிலுள்ள மரவேலைப் பட்டறைக்கு அழைத்துச் செல்லலாம். பனஞ்சிலாகையையும் பாலை மரத்துண்டையும் ஆசாரியார் அவர்கள் கையில் கொடுத்து விளக்கட்டும். அன்றைய பாடத்துக்கு அவரே ஆசிரியர், நாங்கள் கேட்டிருப்போம். மரவேலை கற்கப் போகிறேன் என்று கெட்டிக்காரப் பிள்ளையொன்று துணிந்து சொல்லும்போது, அதை வீழ்ச்சியென்று எண்ணி அதன் பெற்றோரிடம் அனுதாபம் தெரிவிக்காதிருப்போம். தச்சனின் நூல் மரத்தின் கோணலைத் தன் கடமையாகச் செய்து தீர்த்து வருகிறது. தொழிலையும் தொழில் கற்பவரையும் குறைவாகப் பார்க்கும் கோணலைத் தீர்ப்பது நாம் கற்பிக்கும் நூல்களின் பொறுப்பாகும்.